பின்பக்கம் இல்லாத கம்பெனி

நவகிரி நிட்ஸ் கம்பெனியின் பின்பக்கம் காணாமல் போனது ஒரு புதன்கிழமை, காலை டீ முடிந்த சிறிது நேரத்தில். அதை முதலில் கண்டுபிடித்தவர்கள் செக்கிங் பகுதிப் பெண்கள், ஏனென்றால் கக்கூஸ் பின்பக்கத்தில்தான் இருந்தது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே கால் வைத்தவர்கள், வைத்த காலோடு முன்கேட் வழியாகக் கம்பெனிக்குள் வந்துகொண்டிருந்தார்கள், வாட்ச்மேன் அவர்களை லேட்டாக வந்தவர்கள் என்று ஓரமாக நிற்கவைத்தார், அவசரத்தில் மறுபடியும் பின்கதவுக்கு ஓடியவர்கள் மறுபடியும் லேட்டானார்கள். அங்கே பள்ளம் விழுந்திருக்கவில்லை, புகை கிளம்பவில்லை, இருட்டிக்கொண்டும் வரவில்லை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இடதுபுறமாக நடந்துபோய் மூலை திரும்பினால் கம்பெனியின் வலதுபுறம் வந்துவிடும். நடுவில் இருந்த கக்கூஸ் வரிசை, கேன்டீன் கொட்டகை, போர்வெல், கட்டிங் வேஸ்ட் குவியல், ‘குழந்தைகள் காப்பகம்’ என்று வாத்துப் படத்தோடு எழுதி உள்ளே உடைந்த மிஷின்களைப் போட்டுவைத்திருந்த அறை, எல்லாம் போன இடம் தெரியவில்லை. ஆற்றுத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து அந்த வருஷத்து ஃபேஷனைச் சொல்லிவிடுகிற பனியன் ஊர் எங்களுடையது, நாங்கள் இதற்கெல்லாம் வாய் பிளக்கிறவர்கள் இல்லை.

பின்பக்கத்தோடு ஒரு ஆளும் போயிருந்தாள். செக்கிங் மேஜையில் நின்றே வேலை பார்த்து முழங்கால் வீங்கிப்போன துளசிமணி, அந்தக் காலைக் கொஞ்சம் நீட்டி வைக்கலாம் என்று கேன்டீன் பெஞ்சுக்குப் போயிருந்தாள். கேன்டீன்காரர் காய் வாங்கச் சந்தைக்குப் போயிருந்ததால் அங்கே வேறு யாரும் இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது பின்சுவரில் காதை வைத்தால் தெரிந்தது, வாளி நகர்த்துகிற சத்தமும் இருமலும் கேட்டன, கூப்பிட்டால் பதிலும் வந்தது.

“எங்கிருக்கறே துளசி?”

“கேன்டீன்லதான் இருக்கறேன். நீங்கெல்லாம் எங்க போய்ட்டீங்க? கதவத் தொறந்தா மறுக்காவும் கேன்டீனுக்கே வருது.”

விஷயம் இவ்வளவுதான். மற்ற ஊர்களாக இருந்தால் சாமி வந்து ஆடியிருப்பார்கள், எங்கள் ஊரில் ஓவர்லாக் மிஷின்கள் ஒரு நிமிஷம் நின்று, சூப்பர்வைசர் கைதட்டியதும் மறுபடியும் ஓட ஆரம்பித்தன.

காரணத்தைக் கேட்பவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் இப்போதெல்லாம் விமானம் ஏறி வருவதில்லை, வீட்டில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கண்காட்சி பார்க்கிறார்கள், கண்காட்சி அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது. அதில் ஸ்டால் போட ஆசாரி வேண்டாம், பந்தல்காரர் வேண்டாம், கோகிலவாணி போதும். துளசிமணியின் தங்கையான இவள், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் பன் வேகும் வாசனையில் உட்கார்ந்துகொண்டு, ஆகாயத்திலிருந்து நூல் இறங்கி வந்து தானே துணியாவதையும், துணி தானே வெட்டிக்கொண்டு டி-ஷர்ட்டாவதையும், டி-ஷர்ட் தானே மடிந்து பெட்டிக்குள் குதிப்பதையும் வரைந்து அசையவிடுவாள். அவளுடைய படங்களில் ஒரு மனுஷக் கைகூட வேலை செய்யாது. அப்படித்தான் வேண்டும் என்று எங்கள் முதலாளிகள் கேட்டு வாங்குவார்கள், ஏதோ பிறந்ததிலிருந்தே அவர்கள் பனியனெல்லாம் தானாக மடிந்துகொண்டிருந்ததைப் போல.

நவகிரி முதலாளி வெள்ளியங்கிரி எல்லாரையும் மிஞ்சியவர். கம்பெனியின் பெயரெழுத்துக்கள் கழுகு மாதிரி பறந்து வந்து உட்கார வேண்டும் என்பார், உட்கார்ந்த பிறகு கழுகு வேண்டாம், மயில் என்பார், மயில் வந்ததும் மயிலுக்குக் கோட்டு போடலாமா என்பார். கடைசியாக அவர் கேட்டது கம்பெனிச் சுற்றுலா: பையர் பொத்தானை அழுத்தினால் கேமரா கேட் வழியாகப் பறந்து, இல்லாத புல்வெளியைத் தாண்டி, தையல் வரிசைகளுக்கு மேலாக மிதந்து, அவருடைய கண்ணாடி அறைக்குள் போய், அவர் எழுந்து கைகூப்புவதில் முடிய வேண்டும். கோகிலவாணி அவரையும் கண்ணாடியையும் புல்லையும் வரைந்தாள். கேமரா போகாத இடத்தை வரைவதில்லை என்பது அந்தத் தொழிலின் வழக்கம். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றும் இருக்காது, அட்டைகூட இருக்காது, அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. இருந்தாலும் அவள் ஒரு வார்த்தை கேட்டாள்.

“ஏனுங் சார், பின்னாடி கேன்டீன், பாத்ரூம் எல்லாம் இருக்குதே, அதையும் போட்டுரட்டுங்களா?”

“பையர் பாத்ரூம் பாக்கவா வர்றான் அம்மணி?” என்றார் வெள்ளியங்கிரி. “இதுல இருக்கறதுதான் கம்பெனி. இதுல இல்லாதது நம்ம கம்பெனியே இல்ல. ஏத்திவிடு.”

அந்தப் புதன்கிழமை காலை அவள் படத்தைக் கண்காட்சியில் ஏற்றிவிட்டாள். முதலாளி சொன்னால் சொன்னபடி நடந்து பழகிய கம்பெனி அது, சுவருக்கும் செங்கல்லுக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

முதல் இரண்டு நாள் பெண்கள் எதிரிலிருந்த பெட்ரோல் பங்குக்கு ஓடினார்கள், பங்குக்காரர் முகத்தைச் சுளித்ததும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள், தண்ணீர் குடிக்காததால் யாரும் மிஷினை விட்டு எழவில்லை, எழாததால் உற்பத்தி கூடியது. உற்பத்தி மேனேஜர் இதை ஒரு கண்டுபிடிப்பாகவே முதலாளியிடம் சொன்னார், முதலாளியும் ஜப்பான்காரனுக்கே தோன்றாதது நமக்குத் தோன்றியிருக்கிறது என்று எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். பெண்கள் தொண்டை அடைக்கும் என்று அதைத் தின்னாமல் கைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

சோதனை அதிகாரி ஒருவர் வந்தார், பின்கதவைத் திறந்தார், முன்கேட்டில் வந்து நின்றார், தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, பின்பக்கத்தில் குறை என்று சொல்ல ஒன்றுமே இல்லை என்றார், அது உண்மையும்கூட. வாஸ்துக்காரர் வந்து தென்மேற்கில் எதுவுமே இல்லாமலிருப்பது ராஜயோகம் என்று சொல்லிவிட்டுப் போனார். கவுன்சிலர், வருஷக்கணக்கில் தீராமலிருந்த கம்பெனிப் பின்சந்துச் சாக்கடைப் பிரச்சினையைத் தானே தீர்த்துவைத்ததாக மேடையில் பேசினார். துளசிமணியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மேனேஜர் பதில் வைத்திருந்தார்: அவள் கம்பெனிக்கு வெளியே போகவில்லை, ஆகவே காணாமல் போகவில்லை; மிஷின் பக்கத்திலும் இல்லை, ஆகவே வேலைக்கும் வரவில்லை.

அடுத்து முதலாளிகள் சங்கம் மொத்தமும் கார்களில் வந்து இறங்கியது. வெள்ளை வேட்டிகளும் வெள்ளைச் சட்டைகளும் ஒவ்வொன்றாகப் பின்கதவுக்குள் போய் முன்கேட்டில் முளைத்தன, முளைத்தவர்கள் இன்னொரு தடவை போய்ப் பார்த்தார்கள், பிறகு வயிற்றெரிச்சலோடு காபி குடித்தார்கள். மறுநாளிலிருந்து பேக்கரி மாடிப்படியில் அவர்கள் வரிசை. என் கம்பெனிப் பின்பக்கத்தையும் எடுத்துவிடு, என்னுடையதை ஹாஸ்டலோடு சேர்த்து எடுத்துவிடு, எனக்குச் சாயப்பட்டறையை மட்டும் எடுத்துவிடு. கோகிலவாணி முடியாது என்றாள். ஊரில் படம் வரைகிற வேறு கைகளா இல்லை, அவர்களிடம் போனார்கள். வியாதி கம்பெனிகளோடு நிற்கவில்லை. புது வீடு கட்டியவர்கள் வாசலையும் ஹாலையும் மட்டும் வரைந்து வாங்கி, துவைக்கிற கல்லையும் மாட்டுக்கொட்டகையையும் ஒழித்தார்கள், அப்பா பின்கட்டில் படுத்திருந்தாரே என்று வெகுநேரம் கழித்து ஞாபகம் வந்தவர்களும் உண்டு. பட்டன் வியாபாரியான நானும் குடோனுக்குப் பின்னால் கிடந்த குப்பையை நினைத்துக்கொண்டு ஒருவரிடம் விசாரித்தேன், அதை மறைப்பானேன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் கோகிலவாணி தினமும் மாலையில் அந்தச் சுவருக்கு வந்து நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, சாப்பிட்டியா?”

“எலுமிச்சஞ்சோறு ஆக்குனேன். போர் தண்ணி வருது, கரண்டு இருக்குது. கக்கூஸுக்கு வரிசையே இல்ல கண்ணு, ராணி மாதிரி போறேன்.” மூட்டையை உதறுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள், “அரிசி மூட்டைதான் அடியத் தொட்டுருச்சு. கடலப்பருப்பு கொஞ்சம் கெடக்குது. நீ ஒண்ணும் வெசனப்படாத.”

வெசனப்படாதே என்று துளசிமணி சொன்னால் வெசனப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா செத்தபோதும் தங்கையிடம் அதைத்தான் சொன்னாள். கோகிலவாணி நேராக வெள்ளியங்கிரியின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

“அக்கா உள்ள மாட்டிக்கிட்டா சார். பின்பக்கத்த வரைஞ்சு போட்டுர்றனுங்க.”

“கண்காட்சி முடியட்டும் அம்மணி. ஜெர்மன்காரன் அஞ்சு நட்சத்திரம் குடுத்துருக்கறான், இத்தன சுத்தமான கம்பெனியப் பாத்ததே இல்லைன்னு எழுதிருக்கறான். இப்பப் போயிக் கக்கூஸ வரையறயா?”

“சோறு தீந்துருங்க.”

“ஒடம்பு எளைச்சா முழங்காலுக்கு நல்லதுதான்,” என்றார் அவர், சொல்லிவிட்டு அதை நகைச்சுவை என்று நினைத்து மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் சிரித்தார். “உங்கக்காளுக்கு லீவு போட்டுக்கறோம், போ. கடைசி நாள் எல்லா பையரும் ஒண்ணா வர்றாங்க, அன்னிக்கு நான் கைகூப்பறப்ப மேலருந்து பூ விழற மாதிரி பண்ணு.”

பூவைச் செய்வதற்காகப் படம் அவள் கைக்குத் திரும்பி வந்தது. மறுநாள் மதியம், எந்த பையரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அவள் பின்கதவைத் தாண்டி ஒரு பின்பக்கத்தை வரைந்து வைத்து, கேமராவையும் ஒரு தரம் அங்கே திருப்பிவிட்டாள். பின்கதவைத் திறந்த பெண்கள் இந்தமுறை முன்கேட்டுக்குப் போகவில்லை. சலவைக்கல் தரையும், ஆளுயரக் கண்ணாடியும், சுருட்டி வைத்த வெள்ளைத் துண்டுகளும், தொட்டியில் ஒரு பச்சைச் செடியுமாக ஒரு குளியலறை இருந்தது. துளசிமணி அங்கே இல்லை. குழாயைத் திருகினால் தண்ணீரும் இல்லை, கதவின் கைப்பிடி பிடிக்க வராமல் கதவிலேயே படமாக ஒட்டியிருந்தது.

நடந்த தப்பு இதுதான்: கோகிலவாணி நவகிரியின் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. படம் வரைய வந்தவளை முன்வழியாக அழைத்துப்போய், கண்ணாடி அறையில் பிஸ்கட் கொடுத்து, முன்வழியாகவே அனுப்பியிருந்தார்கள். அக்கா வேலை பார்க்கிற இடத்தை அக்காவிடமும் அவள் கேட்டதில்லை. ஆகவே அவள் தொழிலில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள், குளியலறை என்றதும் யாரோ எந்த நாட்டிலோ செய்து விற்கிற ரெடிமேட் குளியலறையை எடுத்து வைத்துவிட்டாள். எப்போதும் அதற்கு யாரும் குறை சொன்னதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து துளசிமணியின் குரல் வந்தது. “என்னமோ செண்டு வாசம் அடிக்குதே, யாரு வந்துருக்கறாங்க?” குரல் முன்பிருந்ததைவிடத் தேய்ந்திருந்தது, கோகிலவாணி அதைக் கேட்டுவிட்டுச் சுவரடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வெள்ளியங்கிரி அந்தக் குளியலறையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பையர்களுக்கு மட்டும் என்று பூட்டிச் சாவியை மேஜையில் வைத்துக்கொண்டார்.

பகலெல்லாம் அடக்கிக்கொண்ட பெண்கள் வேலை விட்டதும் பெட்ரோல் பங்கில்தான் வரிசையாக நின்றார்கள், அன்று கோகிலவாணி அங்கே போனாள். அங்கே நின்ற ஒவ்வொருத்தியிடமும், பின்னால் என்ன இருந்தது, எப்படி இருந்தது என்று கேட்டாள், அவர்களும் முதலில் வெட்கப்பட்டு, பிறகு ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு சொன்னார்கள்: மூணாவது கதவுக்கு அடிப்பலகை கிடையாது, எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு காலால் கதவை மிதித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும், நின்று நின்று வீங்கிய துளசியின் முழங்கால் அப்படி உட்கார்ந்துதான் மொத்தமாகப் போனது, குழாய்க்குத் திருகு உடைந்து பச்சைக் கட்டிங் துணி சுற்றியிருக்கும், கேன்டீன் ஓட்டில் புறா அடைகாக்கும், காப்பக அறை வாத்துக்கு ஒரு கண் வரைய மறந்துவிட்டார்கள். சொல்லச் சொல்ல அவர்களுக்கே ஆத்திரம் வந்தது, இத்தனை நாள் அந்த இடத்தில் ஒருமுறைகூட வராத ஆத்திரம் அது இல்லாமல் போனபிறகு பெட்ரோல் பங்கில் நின்று வந்தது. நம் ஊர் ரோஷம் எப்போதும் இப்படித்தான் பஸ் போனபிறகு ஸ்டாப்புக்கு வரும்.

கோகிலவாணி அத்தனையையும் வரைந்தாள், மிதித்து மிதித்துக் கதவில் பதிந்துபோன கால்தடங்கள் வரைக்கும். மிச்சமிருந்தது ஒரு விஷயம், கேமரா. இந்தமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதாது, ஒரு ஆள் எழுந்து நடந்து வருகிற அளவுக்கு அங்கே நின்று பார்க்க வேண்டும், பார்க்கவும் கண்கள் வேண்டும்.

கடைசி நாள் வந்தது. சங்கக் கட்டட ஹாலில் பெரிய திரை கட்டி நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம், சமோசாவுக்குப் பிறகு நாதஸ்வரம் வாசிக்க ஆள் சொல்லியிருந்தார்கள், உலகத்தின் பல மூலைகளிலிருந்து பையர்கள் சிறு சிறு கட்டங்களில் வந்து உட்கார்ந்தார்கள். வெள்ளியங்கிரி மட்டும் கம்பெனியில், கண்ணாடி அறையில், பட்டுச் சட்டையும் அத்தரும் போட்டு, கைகூப்புவதற்குத் தயாராக இருந்தார்; படத்தில் தான் எழும்போது நிஜத்திலும் எழ வேண்டும் என்று அவருக்கு ஆசை. பேக்கரி மாடியில் கோகிலவாணி பொத்தானைத் தட்டினாள். கேட் திறந்தது, புல்வெளி போனது, தையல் வரிசைகள் கீழே போயின, கேமரா கண்ணாடி அறையின் வாசல் வரைக்கும் போய், உள்ளே நுழையாமல், வழி கேட்கிற ஆள் மாதிரி ஒரு நிமிஷம் தயங்கி, இடதுபக்கம் திரும்பிப் பின்கதவுக்குள் போனது.

கேமரா அவசரப்படாமல் ஒவ்வொரு கதவாகப் பார்த்தது, கால்தடங்களைப் பார்த்தது, துணி சுற்றிய குழாயைப் பார்த்தது, அதிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தது, ஒற்றைக்கண் வாத்தைப் பார்த்தது, வாத்தும் பார்த்தது. பிறகு கேன்டீனுக்குள் போய் நின்றது. பெஞ்சில், கோகிலவாணி வரையவே வரையாத ஒரு பெண், கடலைப்பருப்பு டப்பாவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். வெளிச்சம் பட்டதும் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தாள்.

கட்டங்களில் ஒன்றிலிருந்த வெள்ளைக்காரி, அந்தப் பெண் யார் என்று இங்கிலீஷில் கேட்டாள். சங்கத் தலைவர் மைக்கை எடுத்து அது வெறும் கிராஃபிக்ஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, துளசிமணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முழங்காலை இழுத்து இழுத்து நடந்து, பின்கதவைத் திறந்து, செக்கிங் மேஜைகளுக்கு நடுவில் வந்து நின்றாள். பெண்கள் மிஷின்களை விட்டுவிட்டு ஓடினார்கள், சூப்பர்வைசர் கைதட்டியது யாருக்கும் கேட்கவில்லை, இத்தனை நாள் கைப்பையில் இருந்த மைசூர்பாகு அன்றைக்குத்தான் பிரயோஜனப்பட்டது.

பேக்கரியிலிருந்து கோகிலவாணியும் ஹாலிலிருந்து நாங்களும் பின்சந்து வழியாக ஓடி வந்து சேர்ந்தபோது அக்கா முன்பக்கச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாடி அறையும் இல்லை, கேட்டும் இல்லை, கேமரா பின்பக்கத்திலேயே நின்றுவிட்டதால் முன்பக்கம் போயிருந்தது, வெளியே போகிறவர்கள் கேன்டீன் வழியாகச் சந்தில் இறங்கிப் போனார்கள். வாட்ச்மேன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அங்கே மாறியிருந்தார், மேனேஜரைக்கூட லேட் என்று சொல்லி ஓரமாக நிற்கவைத்தார். சங்கம் அன்று சாயங்காலமே கூடி, வெள்ளியங்கிரி வகித்த பொருளாளர் பதவி காலியாக இருப்பதாக ஒருமனதாக முடிவு செய்தது, அவர் பெயரில் ஒரு நிமிஷம் எழுந்து நின்றது. எல்லாருக்கும் அது இயல்பாகவே இருந்தது.

“வணக்கம், வெல்கம் டு நவகிரி,” என்று சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது. “அம்மணி, கோகிலா, பூ விழலயே. என்னையக் காட்டு.”

கோகிலவாணி அக்காவைப் பார்த்தாள். “என்னக்கா, காட்டிரட்டுமா?”

“அங்க திங்கறதுக்கு என்ன இருக்குது?”

“பையருக்கு வாங்கி வெச்ச பிஸ்கட்டு. முந்திரி.”

“கக்கூஸு?”

“உள்ளயே இருக்குது. ஏசி போட்டு.”

துளசிமணி யோசித்தாள். அவளிடம் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அப்ப அவரு இருக்கட்டும், மெதுவாப் பாத்துக்கலாம். வெசனப்பட வேண்டாம்னு சொல்லு,” என்றாள். “அதுக்கு முன்னால ஒரு வேல பண்ணு கண்ணு. நீதான் வரைஞ்சா வருதாமே. அந்த மூணாவது கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வரைஞ்சு குடு.”

கோகிலவாணி கேன்டீன் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, எந்த ரெடிமேட் படத்தையும் எடுக்காமல், கொண்டியும் திருகுமாக ஒரு இரும்புத் தாழ்ப்பாளைத் தானே வரைந்தாள், பிறகு மற்றக் கதவுகளுக்கும் வரைந்தாள். முன்சுவருக்குள் முதலாளி கைகூப்பிக் கைகூப்பி இங்கிலீஷில் வரவேற்றுக்கொண்டிருந்தார். துளசிமணி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்தாள்.